மூஞ்செலி

ஒரே ஒரு சொல்லுக்காக என் அண்ணன் இரண்டு பேரைக் கைநீட்டி அடித்திருக்கிறான். ஒருவர் அவனுடைய அலுவலகத்துக் காவலாளி. அவருக்கு முன்பல் இரண்டு போயின. இன்னொருத்தி நான். எனக்கு இடது காது போனது. பத்தொன்பது வருஷமாக யாராவது அந்தப் பக்கம் வந்து பேசினால் தலையைத் திருப்பி மறு காதைக் காட்டுகிறேன். ஏன் என்று கேட்டவர்களிடம் அந்த வருஷக் காய்ச்சலில் போய்விட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அண்ணன் போன மாதம் இறந்தான். சுகாதார அலுவலகத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். அவனைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டும் என்று ஆள் விட்டார்கள். அழைப்பிதழில் 'அமைதியின் உருவம்' என்று அச்சடித்திருந்தார்கள். அமைதியாவது மண்ணாங்கட்டியாவது! பதினேழு வயதிலிருந்து அவன் கொன்றதையெல்லாம் குவித்தால் அலுவலகக் கட்டடமே மூடிப்போகும். நான் போகவில்லை. நான் சொல்ல வேண்டியது நாலு வார்த்தை இல்லை, ஒரே வார்த்தைதான். அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்ற வேண்டியிருக்கிறது.

அவன் முதலில் வேலைக்குச் சேர்ந்தது ஒரு தானியக் கிடங்கில். மாதத்துக்கு ஒரு தடவை அங்கே எலிவேட்டை நடக்கும். ஒரு ஓரத்திலிருந்து மூட்டைகளை எடுத்து எதிர்ப்பக்கம் அடுக்குவார்கள். எலிகள் அடுத்த வரிசைக்குப் பின்வாங்கும், பிறகு அதற்கடுத்த வரிசைக்கு. மத்தியானத்துக்குள் நாலைந்து மூட்டைதான் மிச்சம் இருக்கும். அதன் பின்னால், சுவரோடு சுவராக, முந்நூறு எலி ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு கிடக்கும். கால்சட்டை நுனியைச் சணலால் இறுக்கிக் கட்டிக்கொண்டு எட்டுப் பேர் தடியோடு நிற்பார்கள். கட்டாவிட்டால் உள்ளே ஏறிவிடும். ஒருவனுக்கு ஏறியிருக்கிறது, அவன் கத்திய கத்தலில் சிரித்தவர்கள் பிறகு சிரிக்கவில்லை.

கடைசி மூட்டையை இழுத்ததும் அடி விழ ஆரம்பிக்கும். நான் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வாசல் ஓரம் நின்று பார்த்திருக்கிறேன். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. ஈரத் துணியைக் கல்லில் அறைவதுபோல் இடைவிடாமல் கேட்கும். சில எலிகள் சுவரில் ஆள் உயரத்துக்கு ஏறி, பிடி கிடைக்காமல் தடிக்காரன் தோளில் விழும். அடிபட்டும் சாகாதது தன் பின்காலைத் தானே கடித்துக்கொள்ளும். பெருச்சாளி மட்டும் ஓடாது. முடியைச் சிலிர்த்துக்கொண்டு நின்று உறுமும். அதற்கு மூன்று அடி வேண்டும்.

அந்தக் கூச்சலிலும் அண்ணன் ஆள் பார்த்துத்தான் அடிப்பான். காலுக்கடியில் சாம்பல் நிறத்தில் ஒன்று கீச்சுக் கீச்சென்று போனால் தடியைத் தூக்கிக்கொள்வான். "அத விடுங்கடா! அது எலி இல்ல. பூச்சி தின்னுற சாது" என்று கத்துவான். அவன் குரல் பெரிய குரல். கிடங்கின் அந்தக் கோடியில் நின்று கத்தினால் இந்தக் கோடியில் பாத்திர மூடி அதிரும். மற்றவர்கள் சிரிப்பார்கள். ரத்தமும் சதையுமாக நிற்கிற இடத்தில் ஒரு மூஞ்சூறுக்குப் பரிந்து பேசுகிறானே என்று அவனுக்கு 'எலி இன்ஸ்பெக்டர்' என்று பெயர் வைத்தார்கள். அவனுக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

மூஞ்சூறு என்று நான் எழுதுகிறேன். எங்கள் ஊரில் அப்போது யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். எங்களுக்கு அது மூஞ்செலி. நீண்ட மூஞ்சி இருக்கிறது, பார்க்க எலிபோல இருக்கிறது, முடிந்தது கதை.

எனக்கும் அவனுக்கும் நாலு வயதுதான் வித்தியாசம். பொழுது போகாவிட்டால் செத்ததைச் சாக்குக்குள் வைத்து, ஒரு வாலை மட்டும் வெளியே விட்டு, "இது என்ன, சொல்லு" என்பான். உடம்பைவிட வால் நீளமாக இருந்தால் வீட்டு எலி. வால் குட்டையாக, அடியில் தடித்து இருந்தால் சாக்கடை எலி. அடி தடித்து, நெடுக அங்கொன்றும் இங்கொன்றுமாக நீள முடி இருந்தால் மூஞ்செலி. சுண்டெலிக்கும் எலிக்குட்டிக்கும் உடம்பு ஒரே அளவுதான். குட்டிக்குப் பாதமும் தலையும் மட்டும் அண்ணன் சட்டையைப் போட்ட தம்பிபோலப் பெரிதாக இருக்கும். நான் கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்வேன். ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு சுகாதார அலுவலகத்தில் செத்த எலிகளை இனம் பிரிக்க ஆள் எடுத்தார்கள். அங்கே டாக்டரம்மா ஒருவர் இருந்தார். தகரம் அடித்த மேஜைமேல் இருபது செத்த உடல்களைப் பரப்பிவிட்டு, எது எது என்று கேட்டார். அண்ணன் பத்தொன்பதைச் சொல்லிவிட்டான். இருபதாவது தோலுரிந்து, வால் அறுந்து கிடந்தது. "காம்பு எத்தனைன்னு எண்ணிப் பாருங்க, தெரியும்" என்றார் டாக்டரம்மா. பெண்பிள்ளை முன்னால் அதை எப்படி எண்ணுவது என்று இவன் கூசிக்கொண்டு, வாயைத் திறந்து பல்லைப் பார்த்துச் சொல்லிவிட்டான். வேலை கிடைத்தது. அவன் அந்தக் கதையை என் கல்யாணத்தில்கூடச் சொன்னான்.

காய்ச்சல் வருஷம் வந்தது. அடிபடாமல், பொறியில் சிக்காமல், தானாகச் செத்த எலி ஒரு வீட்டில் கிடந்தால் அந்த வீட்டில் காய்ச்சல் இருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்காரர்களை ஊருக்கு வெளியே கொட்டகைக்கு அனுப்புவார்கள்; வீட்டுக்குள் புகை போடுவார்கள். இது சட்டம். சட்டம் வந்து சேர்வதற்குள் தெருக்காரர்கள் தாங்களே வீட்டைக் காலி செய்ய ஆரம்பித்தார்கள். காலி செய்வது என்றால் கல்லெறிவது, கதவை உடைப்பது, போட்டது போட்டபடி ஆட்களை விரட்டுவது. இரண்டு வீடு எரிந்தது. போலீஸ் சாம்பலைப் பார்க்க வந்தது.

எலியை ஒழிக்க வீட்டுக்கு ஒரு தடி என்று அலுவலகமே கொடுத்தது. நாலு முழ நீளம், நுனியில் சிவப்புப் பெயின்ட், பிடியில் ஒரு எண். எங்கள் பக்கத்துத் தெருக்களுக்கு அதைக் கொடுத்தது அண்ணன்தான். ஒவ்வொருவருக்கும் எப்படிப் பிடிப்பது, எங்கே அடிப்பது என்றுகூடக் காட்டினான். "தலையில ஒண்ணு, சரியா விழுந்தா போதும்."

எனக்கு ஒரு மகள் இருந்தாள். நாலு வயது. திங்கட்கிழமை காய்ச்சல் வந்தது, வெள்ளிக்கிழமை போய்விட்டாள். என் கணவர் வெளியூர் வேலையில் இருந்தார். அவர் வந்து சேர்ந்தபோது அவளுடைய செருப்பு மட்டும் வாசலில் இருந்தது. அதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

அவள் போன பதினோராவது நாள் பூட்டுக்காரர் வீட்டில் அது நடந்தது.

பூட்டுக்காரர் எங்களுக்கு அடுத்த சந்தில் இருந்தார். ஒல்லியான மனிதர். பூட்டைத் திறக்கும்போது அதனோடு பேசுவார். "என்னம்மா பிடிவாதம், கொஞ்சம் வழி விடேன்" என்பார். என் தையல் மெஷினின் இழுப்பறைக்குச் சாவி போட்டுக் கொடுத்தவர் அவர்தான். அவரும் மனைவியும் மட்டும்தான் அந்த வீட்டில். அன்று காலை பின்வாசல் படியில் ஏதோ செத்துக் கிடப்பதை மனைவி பார்த்தாள். எடுத்துச் சாக்கடையில் எறிந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் நேர்மையானவள். அலுவலகத்துக்குப் போய்த் தகவல் கொடுத்துவிட்டு வந்தாள். அவள் திரும்பி வருவதற்குள் தெருவெல்லாம் பரவிவிட்டது.

அண்ணன் தகரப் பெட்டியோடு சைக்கிளில் வந்து இறங்கியபோது சந்தில் அறுபது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். பாதிப் பேர் கையில் சிவப்பு நுனித் தடி. சந்தின் கோடியில், தண்ணீர்க் குழாயடியில், நான் நின்றேன். என் வாளி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அண்ணன் என்னைப் பார்த்தான். "வீட்டுக்குப் போ" என்றான். நான் போகவில்லை.

அவன் உள்ளே போனான். அவன் அங்கே பார்த்ததைப் பிறகு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். குண்டூசித் தலை அளவு கண். கீழ் உதட்டைத் தாண்டி நீண்ட மூக்கு. வாயைத் திறந்தால் எலிக்கு இருக்க வேண்டிய உளிப்பல்லும் அதற்குப் பின்னால் வெற்றிடமும் இல்லை. நெடுக முள் முள்ளாகப் பல். கழுத்தில் நாலு துளை, முடியில் எச்சில் காய்ந்திருந்தது. பூனை கடித்துக் கொன்றிருக்கிறது. அதன் உடம்பு நாற்றத்துக்குப் பூனை அதைத் தின்னாது, கொன்றுவிட்டுப் படியில் போட்டுவிட்டுப் போய்விடும். ஆக, எலியும் இல்லை, தானாகச் சாகவும் இல்லை, காய்ச்சலும் இல்லை. பூட்டுக்காரர் கும்பிடுவதற்குக் கையைத் தூக்கினாராம். "எனக்கெதுக்குங்க கும்பிடு, பூனையக் கும்பிடுங்க" என்று இவன் கிண்டல் செய்தானாம். இருவரும் சிரித்திருக்கிறார்கள்.

அண்ணன் அதைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு வாசலுக்கு வந்தான். முகமெல்லாம் சந்தோஷம். கையைத் தூக்கி, கிடங்கில் கத்துகிற அதே குரலில் கத்தினான்.

"மூஞ்செலி!"

சந்தில் ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் "எலி! எலி!" என்று அலறியது.

அது என் குரல்.

அடுத்தது எல்லாம் வேகமாக நடந்தது. முன்னால் நின்றவர்கள் படியேறினார்கள். பூட்டுக்காரர் வாசல்நிலையில் இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு நின்றார். "பாத்துட்டு அடிங்கய்யா, ஒரு தடவ பாத்துட்டு அடிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதல் அடி முழங்காலில் விழுந்தது. குனிந்தார். இரண்டாவது அடி தலையில், அண்ணன் சொல்லிக் கொடுத்த இடத்தில். அவர் விழவில்லை. சுவரோரமாக நகர்ந்து மூலைக்குப் போனார். எட்டுப் பத்துப் பேர் வரிசையாக நின்றார்கள். நான் பார்த்துப் பழகிய சத்தம்தான்.

அண்ணன் அவர்மேல் குப்புற விழுந்து மறைத்தான். அவனுடைய வலது கை முழங்கைக்குக் கீழே இரண்டு இடத்தில் ஒடிந்தது. எலும்பு வெளியே வந்தது. அவன் இடது கையால் தகரப் பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு "மூஞ்செலிடா! மூஞ்செலிடா பாவிகளா!" என்று கத்திக்கொண்டே இருந்தான். அவனைக் காலைப் பிடித்து இழுத்து ஓரமாகப் போட்டுவிட்டு மறுபடியும் அடித்தார்கள். பூட்டுக்காரருடைய மனைவியை அடுத்த வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் தலைமுடியோடு பிடித்துச் சந்துச் சுவரில் அழுத்தி வைத்திருந்தார்கள். அவள் முகம் முழுக்க அடி விழுகிற பக்கம் திரும்பியிருந்தது. பார்க்கட்டும் என்றே திருப்பி வைத்திருந்தார்கள்.

பிறகு யாரோ மண்ணெண்ணெய் கொண்டுவந்தார்கள். பூட்டுக்காரருடைய பட்டறை மேஜை முதலில் பிடித்துக்கொண்டது. என் காலடியில் வாளி இருந்தது. குழாய் திறந்தே இருந்தது. நான் ஒரு கை தண்ணீர்கூட எடுத்து ஊற்றவில்லை.

பூட்டுக்காரர் செத்ததற்கு ஐந்து பேரைப் பிடித்தார்கள். அவர்களுடைய தடிகளின் எண்களை வைத்துப் பிடித்தார்கள். போலீஸ்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்து அண்ணனிடம் வாக்குமூலம் எழுதினார். "என்ன சொன்னீங்க?" என்று கேட்டார்.

"மூஞ்செலின்னேன்."

"எலின்னுதானே முடியுது?"

"முடிஞ்சா என்ன? அது வேற, இது வேறங்க."

"சரி, சரி." அவர் 'எலி என்று கூறினார்' என்று எழுதிக்கொண்டார். அண்ணன் மயக்க மருந்து தெளியாமல் இடது கையால் கோணல்மாணலாக ஒரு கையெழுத்துப் போட்டான்.

அது போதுமானதாக இருந்தது. 'எலி செத்த வீடு' என்று பதிவாகிவிட்டது. பூட்டுக்காரருடைய மனைவியை எரிந்த வீட்டிலிருந்து நேராகக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். நாற்பது நாள் வைத்திருந்தார்கள். வெளியே வந்தவளுக்கு ஒருவரும் வாடகைக்கு அறை தரவில்லை. அவளுக்கு மிச்சம் இருந்தது வழக்கு ஒன்றுதான். அவளுடைய கணவனை அடித்தவர்கள் அது எலி இல்லை என்று தெரிந்தே அடித்தார்கள் என்று நிரூபித்தால் அது கொலை. தெரியாமல் அடித்தார்கள் என்றால் அது பயத்தில் நடந்த கலவரம்.

வழக்கு வருவதற்கு எட்டு மாதமாயிற்று. அந்த எட்டு மாதமும் அண்ணன் அந்தச் சொல்லை வாயில் எடுக்கவில்லை. 'மூஞ்சூறு' என்றான். அலுவலகத்துப் பதிவேடுகளில், அறிவிப்புப் பலகையில், பழைய அட்டைகளில் எல்லாம் இடது கையால் அடித்து அடித்துத் திருத்தினான். ஒருநாள் காவலாளி விளையாட்டாக, "வாங்க மூஞ்செலி இன்ஸ்பெக்டர்" என்று கதவைத் திறந்தார். அண்ணன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு அவர் வாயில் குத்தினான். அவர் கீழே விழுந்தபிறகும் குத்தினான். நாலு பேர் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. டாக்டரம்மா அவனைத் தன் அறைக்குள் வைத்துப் பூட்டினார். உள்ளே அவன் தகர மேஜையில் தலையை மோதி மோதி அழுததைத் தெருவில் போனவர்களும் கேட்டார்கள்.

என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தினமும் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, என் தையல் மெஷினுக்கு எதிரே உட்கார்ந்து, இடது கையால் சாப்பிட்டுவிட்டுப் போனான். அவனுக்கு என் குரல் தெரியும்.

நீதிமன்றத்தில் டாக்டரம்மா, அண்ணன் பெட்டியில் இருந்ததைப் போட்டு வைத்த கண்ணாடிச் சீசாவை மேஜைமேல் வைத்தார். சாராயத்தில் ஊறி முடி உதிர்ந்து, அது மெழுகு உருண்டைபோல இருந்தது. ஊசியால் வாயைத் திறந்து பல்லைக் காட்டினார். நீதிபதி கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார். எலி இல்லை என்று ஒப்புக்கொண்டார். எங்களுக்கு உயிர் வந்தது.

ஐந்து பேருடைய வக்கீல் எழுந்தார். குண்டு மனிதர், குரலில் கொஞ்சமும் அவசரமில்லை. "அது எலியா இல்லாம யானையாவே இருக்கட்டும். சீசாக்குள்ள என்ன இருக்குங்கறது இல்ல கேள்வி. அன்னிக்கு அவங்க காதுல என்ன விழுந்துச்சுங்கறதுதான்" என்றார். சந்தில் கூச்சல் இருந்தது, சொல்லின் தலை அமுங்கிவிட்டது, வால் மட்டும்தான் கேட்டது என்றார். அண்ணனைக் கூண்டில் ஏற்றினார்.

"நீங்க சொன்னது முழுசாக் கேட்டிருக்கும்னு எப்படிச் சொல்றீங்க?"

"நான் கத்தினா கிடங்கோட அந்தக் கோடி வரைக்கும் கேக்கும்."

"அப்புறம் 'எலி'ன்னு கத்தினது யாரு?"

அண்ணன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றான்.

"பொம்பளக் குரல்னு சொல்றாங்களே. யாருன்னு தெரியுமா?"

"தெரியாது" என்றான் என் அண்ணன்.

வக்கீல் என்னைத் தேடிக் கண்டுபிடிக்க ஒருநாள்கூட ஆகவில்லை. குழாயடியில் நின்றது யார் என்று சந்தே சொல்லியிருக்கும். சாட்சி சொல்ல வரும்படி காகிதம் வந்தது. அண்ணன் அதைச் சாப்பிட்டுக்கொண்டே படித்தான். 

"அண்ணே, நான் என்ன சொல்லட்டும்?"

"உனக்கு என்ன கேட்டுச்சோ அதச் சொல்லு. அதுக்கு மேல ஒண்ணும் வேணாம்."

கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டான். தான் மறைத்ததை நான் மறைக்க மாட்டேன் என்று நம்பினான்.

கூண்டிலிருந்து பார்த்தால் ஐந்து பேரும் தெரிந்தார்கள். ஒருவர் எங்களுக்குப் பால் ஊற்றுகிறவர். ஒருவர் என்னைப்போலவே காய்ச்சலுக்குப் பிள்ளையைக் கொடுத்தவர். முன்வரிசையில் பூட்டுக்காரருடைய மனைவி மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் அண்ணன்.

"நீங்க எங்க நின்னீங்க?" என்று வக்கீல் கேட்டார்.

"கடைசில. குழாய்கிட்ட."

"'எலி'ன்னு கத்தினது நீங்களா?"

"ஆமா."

கூடம் சலசலத்தது. பூட்டுக்காரருடைய மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் அதை அந்த நிமிஷத்தில்தான் தெரிந்துகொண்டாள்.

"பயப்படாதீங்க. அப்ப உங்களுக்குக் குழந்த போய்ப் பதினோரு நாள். உங்க நிலைமை எங்களுக்குப் புரியுது. உங்க அண்ணன் சொன்னதுல உங்க காதுல என்ன விழுந்துச்சு?"

"எலின்னு விழுந்துச்சு."

"அதுக்கு முன்னால ஏதாவது?"

"இல்ல."

"எலி மட்டும்?"

"மட்டும்தான்."

வக்கீல் விருந்து சாப்பிட்டவர்போல நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். தீர்ப்பு அங்கேயே முடிந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. கூடப் பிறந்த தங்கைக்கே கேட்கவில்லை என்றால் கூட்டத்துக்கு எப்படிக் கேட்டிருக்கும்? கலவரத்துக்கும் தீவைத்ததற்கும் ஒரு வருஷம். எட்டு மாதம் உள்ளே இருந்ததைக் கழித்துக்கொண்டு மாம்பழக் காலத்துக்குள் அவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பால்காரர் மறுபடியும் எங்கள் தெருவிலேயே பால் ஊற்றினார்.

தீர்ப்பன்று வராந்தாவில் பூட்டுக்காரருடைய மனைவி என்னை நிறுத்தினாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"உங்களுக்கு அவ்வளவுதான் கேட்டுச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"அவ்வளவுதாங்க."

தலையாட்டிவிட்டுப் போனாள். அவள் நம்பினாள்.

வீட்டுக்கு வந்து நான் அடுப்பைப் பற்றவைத்தேன். அண்ணன் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினான்.

"உனக்கு என்ன கேட்டுச்சு?"

"கோர்ட்டுல சொன்னேனே."

"கண்ண மூடிட்டு வாலத் தடவிச் சொல்லுவியே. உனக்கு என்ன கேட்டுச்சு?"

"எலின்னுதான் கேட்டுச்சு அண்ணே. 'மூஞ்செலி'ன்னு எனக்குக் கேக்கல."

அவன் இடது கையால் என் தலையைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு, ஒடிந்து கூடிய வலது கையால் அறைந்தான். அந்தக் கை நீளாது, வளைந்தே இருக்கும். அதனால் உள்ளங்கை விழவில்லை, மணிக்கட்டு எலும்பு காதின்மேல் விழுந்தது. சுவரில் மோதி உட்கார்ந்தேன். காதுக்குள் தகரம் கிழிவதுபோல ஒரு சத்தம், பிறகு கழுத்தில் சூடாக ஏதோ ஒழுகியது. மறுபடியும் கையை ஓங்கினான். என் மகளுடைய செருப்பு இன்னும் வாசலில் இருந்தது. அதைப் பார்த்தவன் கையை இறக்கி, அந்தக் கையையே கடித்துக்கொண்டு நின்றான்.

அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. பத்தொன்பது வருஷம் சாயங்காலந்தோறும் வந்து சாப்பிட்டான். எனக்குக் கேட்கும் பக்கமாகப் பார்த்து உட்காருவான். வேலையில் யாரிடமும் சத்தம் போட்டு எதையும் அறிவித்ததில்லை. ஏதாவது வீட்டில் ஏதாவது செத்துக் கிடந்தால் அதைத் தட்டில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்கி, ஒவ்வொருவர் மூக்குக்கு நேராகவும் நீட்டி, ஊசியால் வாயைத் திறந்து, "பாருங்க. நல்லாப் பாருங்க" என்பான். அறுபது பேர் இருந்தால் அறுபது பேருக்கும் காட்டுவான். பார்க்க மறுத்தவர்களின் பின்கழுத்தைப் பிடித்துக் காட்டுவான். அவனைக் கிறுக்கன் என்றார்கள். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் ஒரு வீடும் எரியவில்லை.

பூட்டுக்காரருடைய மனைவி கணவனுடைய அரத்தை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்தின் அருகே சாவி போடும் கடை வைத்தாள். நான் அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தால் இரண்டு தெரு சுற்றிப் போவேன். என் இழுப்பறைச் சாவி தொலைந்தபோது பூட்டையே உடைத்தேன்.

அண்ணனை எடுத்துக்கொண்டு போன மறுநாள் காலை அவளே என் வீட்டுக்கு வந்தாள். நல்ல மழை. குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். முடி முழுக்க நரைத்திருந்தது. விரல் நுனியெல்லாம் இரும்புத்தூள் ஏறிக் கறுத்திருந்தது.

"என் வீட்டுக்காரருக்காகக் கைய ஒடிச்சுக்கிட்டவரு. வராம இருக்க முடியல" என்றாள்.

அண்ணனுடைய சாமான்களை நான் அப்போதுதான் பிரித்துக்கொண்டிருந்தேன். சீசா மேஜைமேல் இருந்தது. வழக்கு முடிந்ததும் கேட்டு வாங்கி வைத்திருந்தான். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதானா அது?"

"இதுதான்."

"இதுக்கு என்ன பேரு சொன்னாரு அன்னிக்கு?"

அந்தச் சொல் என் வீட்டில் ஒலித்துப் பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. சொன்னால் பின்னாலிருந்து அடி விழும் என்றே தோன்றியது.

"மூஞ்செலி" என்றேன்.

"முழுசாச் சொல்றீங்களே" என்றாள். குத்திக் காட்டவில்லை, சும்மாதான் சொன்னாள்.

"அன்னிக்கும் எனக்கு முழுசாத்தான் கேட்டுச்சு."

 நான் நிறுத்தவில்லை, நிறுத்தியிருந்தால் பிறகு சொல்லியிருக்கவே மாட்டேன்.

"மூஞ்செலின்னு நல்லாக் கேட்டுச்சு. அது எலி இல்லன்னு எனக்குத் தெரியும். அங்க இருந்த யாரையும்விட எனக்குத் தெரியும். என் பொண்ணு போயிட்டா, யார் வீடாவது எரியணும்னு இருந்துச்சு. அதான் கத்தினேன்."

மழை குறைந்திருந்தது. அவள் சீசாவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். எறியப்போகிறாள் என்று நினைத்தேன்.

"நீங்க கடைசில நின்னீங்கல்ல? குழாய்கிட்ட?"

"ஆமா."

"உங்களுக்கே கேட்டிருக்குன்னா..." அவள் முடிக்கவில்லை. அவளுடைய உதடு மட்டும் ஒவ்வொருவராக எண்ணுவதுபோல அசைந்தது. படியில் நின்றவர்கள், வாசலில் நின்றவர்கள், முடியைப் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள். "அப்ப எல்லாருக்கும் கேட்டிருக்கு."

"எல்லாருக்கும் கேட்டுச்சு."

அவள் எழுந்தாள். அடிப்பாள் என்று வலது காதைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவள் சீசாவைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, குடையை மடக்கி எடுத்துக்கொண்டு, படியிறங்கிப் போனாள். பேருந்து நிலையத்துப் பக்கம் திரும்பாமல் பால்காரர் வீட்டுப் பக்கம் திரும்பினாள்.